பிணியனுக்கும் நூல் உண்டு

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் 'வருத்தம்' என்றால் நோய். 'அவருக்கு வருத்தம்' என்று கேட்கும் தமிழகத்தார், அவர் ஏதோ மனத்துயரில் இருக்கிறார் என்று கொள்வர். நம்மவரோ அவர் நோயுற்றிருக்கிறார் என்று அறிந்து, எந்த ஆசுபத்திரியில் என்று வினவுவர். தமிழகத்தார் 'வலி' என்பது நமக்கு 'நோ'. மூட்டுகளிலே நின்று வருத்துவது 'உளைவு'. உடல் இடங்கொடாத நிலை 'ஏலாமை'. இத்தனை சொற்களை ஆண்டு வரும் சமூகம், உடலின் துன்பத்தை நன்கு அறிந்த சமூகமாகவே இருத்தல் வேண்டும். ஆயினும் இச்சொற்களுக்கு அருகிலேயே இன்னொரு சொல்லும் நம் நாவில் ஆயத்தமாக நிற்கிறது. அது 'பஞ்சி'. வேலை செய்ய மனமின்றிச் சோம்பியிருத்தலை அது குறிக்கும்.

வகுப்பறையிலே ஒரு மாணவி தலையை மேசையிற் சாய்க்கிறாள். எழுந்திருக்கச் சொன்னால், 'ஏலாது' என்கிறாள். 'பஞ்சி' என்கிறார் ஆசிரியர். உடல் ஒன்று, அதற்குப் பெயர்கள் இரண்டு. எந்தப் பெயர் நிலைக்கும் என்பதைத் தீர்மானிப்பது யார்? நோவை அனுபவிப்பவரா, அவரைப் பார்த்துக்கொண்டிருப்பவரா? நாள்பட்ட நோவோடும் தீராக் களைப்போடும் கற்க முயன்றோரின் வரலாற்றை நோக்குவோமாயின், அது பெரிதும் இந்த இரு சொற்களுக்கும் இடையே நிகழ்ந்த வழக்கின் வரலாறாகவே தோன்றும். அவ்வழக்கைச் சற்று விரிவாக ஆராய்வது ஆசிரியராகிய நமக்கும், நம்மிடம் கற்போருக்கும் பயனுடையதாகும்.

நன்னூலும் குறளும்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கல்விக்கு நெடுங்காலம் அடித்தளமாய் இருந்தது. ஆறுமுக நாவலர் (1822–1879) அதன் விருத்தியுரையைப் பதிப்பித்ததோடு, மாணாக்கர்க்கு எளிதாகக் காண்டிகையுரையும் செய்தார். அந்நூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர் யார், மாணாக்கர் யார், பாடஞ் சொல்லும் முறை யாது, கேட்கும் முறை யாது என்பவற்றை வகுத்துரைக்கும். அங்கே, எவரெவர்க்கு நூல் பகரலாகாது என்பதற்கும் ஒரு பட்டியல் உண்டு. கட்குடியன், சோம்பன், செருக்கன், காமுகன், கள்வன் என்று செல்லும் அவ்வரிசையிலே, கள்வனுக்கு அடுத்து நிற்பவன் 'பிணியன்'. அவனுக்குச் சற்று அப்பால் நிற்பவன் 'துயில்வோன்'.

பாடங்கேட்கும் முறையைக் கூறுமிடத்தும், மாணாக்கன் ஓவியத்திலுள்ள பாவையைப் போல அசையாது அடங்கி இருத்தல் வேண்டும் என்கிறது அந்நூல். முதுகெலும்பிலே நோவுடைய பிள்ளை ஓவியப் பாவை போல எவ்வாறு இருத்தல் கூடும்? ஒரு நாழிகைக்குள் நான்கு முறை இடம் மாறி அமர்ந்தாலன்றி அப்பிள்ளையாற் பாடங்கேட்க இயலாது. அசைவதே அடங்காமையாகக் கொள்ளப்படுமாயின், அப்பிள்ளை பாடம் தொடங்குமுன்பே குற்றவாளியாகிவிடுகிறது.

பவணந்தியாரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. நோவு கவனத்தைக் குலைக்கும், களைப்பு நினைவை மங்கச் செய்யும் என்ற உண்மையை அவர் கண்டிருந்தார். கண்ட உண்மை சரியே. அதிலிருந்து எடுக்கப்பட்ட முடிவே ஆராய்தற்குரியது. கற்பதற்கு இடையூறு உண்டு என்று கண்டவுடன், இடையூற்றை அகற்றுவதற்குப் பதிலாக, இடையூறுற்றவனை அகற்றியது பழைய கல்வி. ஒழுக்கக் குறையையும் உடற் குறையையும் ஒரே வரிசையில் நிறுத்தியதன் விளைவு, பிணியும் ஒரு குற்றமாகத் தோன்றலாயிற்று.

இதற்கு மாறான வேறொரு சிந்தனையும் தமிழில் உண்டு. வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு அவர் நிறுத்தவில்லை. நான்காவதாக 'உழைச்செல்வான்' என்று ஒருவனைச் சேர்க்கிறார். அருகிருந்து மருந்து கொடுத்துப் பேணுபவன் அவன். அவனைத் துணை என்று ஒதுக்கி வையாது, மருத்துவத்தின் அங்கமாகவே எண்ணியது வள்ளுவரின் நுண்மாண் நுழைபுலம். இந்த உழைச்செல்வானை மனத்திற் கொண்டு, நோயோடு கற்றவர் சிலரின் வாழ்க்கையை நோக்குவோம்.

மானிப்பாயில்

அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டிலே மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். மேலை மருத்துவத்தை யாழ்ப்பாணத்து மாணவர்க்குக் கற்பித்த அவர், 1860களில் அக்கல்வியை முற்றாகத் தமிழ்மொழிக்கு மாற்றினார். ஆங்கிலத்திற் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் செல்ல, கிராமத்து நோயாளி கைவிடப்பட்டதைக் கண்டமையே அதற்குக் காரணம். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளிற் பெருநூல்கள் அவர் முயற்சியாற் தமிழாயின.

அவரது புகழை நாம் அடிக்கடி பேசுகிறோம். அவரது உடல்நிலையைப் பேசுவது குறைவு. உடல் நலிவு காரணமாகவே 1857 இல் அவர் தாயகம் திரும்ப நேர்ந்தது. 1862 இல் மீண்டும் வந்தார். 1873 இல் மறுபடியும் உடல் தளர்ந்து, இனித் திரும்புவதற்கில்லை என்ற நிலையிலே யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றார். ஆயினும் மாசசூசெற்சு மாநிலத்து வூஸ்ரர் நகரில் இருந்தவாறே, இறக்கும்வரை தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்தும் பணியை விடவில்லை. கடலுக்கு அப்பால் ஒரு நோயாளி, இப்பாலுள்ள மாணவர்க்காக நூல் செய்துகொண்டிருந்தார்.

இதனைத் தனியொருவரின் மனத்திண்மை என்று மாத்திரம் கூறி அமைதல் பொருந்தாது. டான்வோத், சாப்மன் முதலிய அவருடைய மாணவர்கள் மொழிபெயர்ப்பிலே தோள் கொடுத்தார்கள். பெயரோடு நூலின் முகப்பில் நின்றோர் சிலர். படி எடுத்தும், அச்சுப் பிழை பார்த்தும் உழைத்துப் பெயரின்றி மறைந்தோர் பலராதல் வேண்டும். நோயுற்ற ஆசிரியரின் கல்வி தொடர்ந்தமைக்குக் காரணம், அவரைச் சூழ இருந்த கூட்டுழைப்பு. தமிழ் மருத்துவ நூல்களின் வரலாறு உழைச்செல்வாரின் வரலாறுமாகும்.

சானகியின் அடுப்பு

கடல் கடந்து உழைச்செல்வார் பணிசெய்த கதை மானிப்பாய்க் கதை. வீட்டுக்குள்ளே, அடுப்பங்கரையிலிருந்து பணிசெய்த ஒருவரின் கதையைக் காணத் தமிழகத்துக்குச் செல்வோம். கணித மேதை இராமானுசனை (1887–1920) அறியாத மாணவர் இரார். 1914 இல் கேம்பிரிட்சுக்குச் சென்ற அவர் 1917 இல் நோயுற்று, ஒன்றன்பின் ஒன்றாகப் பல மருத்துவ விடுதிகளிற் கிடந்தார். 1918 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபொழுதும் அவர் நோயாளியே. காசம் என்றே பெரும்பாலும் கருதப்பட்டது. ஈரலைப் பற்றிய அமீபா நோயாகவே அது இருந்திருத்தல் கூடும் என்று 1994 இல் யங் என்னும் மருத்துவ ஆய்வாளர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து வாதித்தார். அவ்வாறாயின், அது அக்காலத்திலேயே தீர்க்கக்கூடிய நோய். நோவின் பெயரைத் தவறாக இட்டதால் ஒரு மேதையை உலகம் முப்பத்திரண்டு வயதில் இழந்திருக்கலாம்.

1919 இல் அவர் தாயகம் திரும்பினார். எஞ்சிய ஓராண்டும் படுக்கையிற் கழிந்தது. அந்த ஓராண்டிலேதான், பிற்காலத்தார் வியக்கும் போலித் தீற்றாச் சார்புகளைப் பற்றிய ஆராய்ச்சியை அவர் செய்தார். 1920 சனவரியில் அதுபற்றி ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஏப்பிரல் 26 ஆம் நாள் இறந்தார். அவர் விட்டுச்சென்ற தாள்கள் 1976 இல் கேம்பிரிட்சின் திரினிற்றிக் கல்லூரி நூலகத்திலே சோர்ச் அன்றூஸ் என்னும் கணிதப் பேராசிரியராற் கண்டெடுக்கப்பட்டன.

இக்கதையை வகுப்பிற் சொல்லும்போது நாம் மனவலிமையைப் புகழ்கிறோம். அவர் மனைவி சானகி அம்மாள் பிற்காலத்திற் கூறியதை யாரும் சொல்வதில்லை. வேளை தவறாது சோறும் எலுமிச்சஞ் சாறும் மோரும் கொடுத்ததையும், காலிலும் மார்பிலும் நோவு கண்டபோதெல்லாம் வெந்நீர் காய்ச்சி ஒத்தடம் இட்டதையும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அன்று அவருக்கு வயது இருபதை ஒட்டியது. அடுப்பில் நீர் கொதிக்காவிடின் தாளில் அந்தச் சூத்திரங்கள் தோன்றியிரா. கணவர் இறந்தபின் அவர் நெடுங்காலம் தையல் வேலை செய்து வாழ்ந்தார். 1994 இல் மறைந்தார். கணித வரலாறு அவருக்கு ஒரு வரி ஒதுக்குவதற்கே நீண்டகாலம் சென்றது.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். காரைதீவிற் பிறந்து, 1920களின் தொடக்கத்தில் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கிய விபுலானந்த அடிகளார் (1892–1947), பழந்தமிழ் இசைக் கருவியாகிய யாழைப் பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். 'யாழ்நூல்' 1947 சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியபோது அவர் உடல் மிக நலிந்திருந்தது. சூலை 19 ஆம் நாள், அரங்கேற்றம் கண்டு இரண்டு மாதம் நிறையுமுன், அவர் மறைந்தார். அந்நூலை அச்சேற்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரும், அவ்விழாவை எடுத்த அன்பர்களும் இல்லையெனின், கணக்குகளும் குறிப்புகளும் நோயாளியின் பெட்டிக்குள் உறங்கியிருத்தல் கூடும்.

கரவெட்டி தந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி (1932–2011) நமக்கு இன்னும் அண்மையர். பிற்காலத்தில் நோயினால் நடமாட்டம் குன்றியபோதும் அவரது ஆராய்ச்சி நிற்கவில்லை. அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். பேனாவைப் பிடித்த கை வேறு, சிந்தித்த தலை வேறு. இதனாற் சிந்தனையின் பெருமை குறைந்ததென்று எவரும் கூறார். பேராசிரியருக்கு நாம் மகிழ்ச்சியோடு அளித்த இவ்வுரிமையை, கைவிரல் மூட்டுகள் வீங்கிய பதினாறு வயது மாணவி கேட்டால் ஏன் தயங்குகிறோம்?

வாங்கு கிடைத்தவரும் கிடையாதவரும்

இங்கேதான் நம் வினா கூர்மை பெறுகிறது. மேலே கண்டவர்களுக்கு ஒருவகையில் உழைச்செல்வார் கிடைத்தனர். கிடையாதவர் கதி யாது? அவர்கள் பெயரை வரலாறு எழுதவில்லை. அவர்கள் இடையிற் படிப்பை விட்டவர்களின் தொகையிற் சேர்ந்தனர்.

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே, உடல் எங்கே எவ்வாறு இருக்கவேண்டும் என்பதே ஒரு காலத்திற் சாதியால் விதிக்கப்பட்டிருந்தது. உயர்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருக்க, ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் நிலத்திலே இருத்தப்பட்டனர். 1929–30 அளவில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் அளிக்கப்படல் வேண்டும் என்ற விதி வந்தபோது குடாநாட்டிலே கிளர்ச்சி மூண்டது. சில பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. 1924 இல் தோன்றிய மாணவர் காங்கிரசு, பின்னர் வாலிபர் காங்கிரசாகி, சம ஆசனத்துக்கும் சம போசனத்துக்கும் குரல் கொடுத்தது. ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றனர்.

இப்போராட்டத்தை மானத்தின் போராட்டம் என்று கூறுவது வழக்கம். அது உடலின் போராட்டமுமாகும். நாள் முழுவதும் நிலத்திற் குந்தியிருந்து, முழங்காலில் ஏட்டை வைத்து எழுதும் பிள்ளையின் முதுகையும் கழுத்தையும் எண்ணிப் பாருங்கள். அதிகாலையிலே தோட்டத்துக்கு நீர் இறைக்கவோ, கள்ளுச் சேர்க்கும் தந்தைக்குத் துணைசெய்யவோ எழுந்து, பாதி வயிற்றோடு வந்த பிள்ளை பத்து மணிக்கு உறங்கி விழுந்தால், அவன் நன்னூல் கூறும் 'துயில்வோன்' ஆவானோ? அவனைத் துயில்வித்தது எது என்று பட்டியலிட்டோர் கேட்கவில்லை. 1945 இற் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் என்னும் தடை நீங்கியது; களைத்த உடல் என்னும் தடை நீங்கவில்லை.

இவ்விடயத்தை மிகத் தெளிவாகக் கண்டவர் இத்தாலியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சி (1891–1937). அவர் நூல்களிலிருந்து மாத்திரமன்றித் தம் உடலிலிருந்தும் அதனைக் கற்றார். சார்தீனியத் தீவில் ஏழைக் குடும்பத்திற் பிறந்த அவருக்குச் சிறுவயதிலேயே முள்ளந்தண்டைக் காசம் பற்றி, முதுகு கூனிற்று. 1911 இற் புலமைப்பரிசில் பெற்றுத் தூரின் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். மாதம் எழுபது லீரா அவருக்குப் போதவில்லை. குளிரும் பசியும் நரம்புத் தளர்ச்சியும் சேர்ந்து வாட்ட, பட்டம் பெறாமலே 1915 இற் படிப்பை விட்டார். 1926 இற் பாசிச அரசு அவரைச் சிறையிலிட்டது. 1929 முதல் 1935 வரை, உறக்கமின்மையும் நோவும் தின்ற உடலோடு, சிறைக் குறிப்பேடுகளை எழுதினார். அங்கும் உழைச்செல்வார் இருந்தனர். மனைவியின் தமக்கை தாத்தியானா மருந்தும் உடையும் கடிதமும் கொண்டு சிறைவாயிலுக்கு நடந்தார். நண்பராகிய பொருளியலாளர் பியரோ சிராபா, வேண்டிய நூல்களெல்லாம் அவருக்குக் கிடைக்கும் வண்ணம் புத்தகக் கடையொன்றிற் கணக்குத் திறந்து வைத்தார்.

அக்குறிப்பேடுகளிலே கல்வியைப் பற்றி எழுதும் கிராம்சி, படிப்பு என்பது உடலுழைப்பைப் போன்றதொரு தொழில் என்கிறார். அசையாதிருத்தல், கவனத்தை நிறுத்துதல், சோர்வைத் தாங்குதல் என்பன தசையும் நரம்பும் பழகவேண்டிய பழக்கங்கள். படித்த குடும்பத்துப் பிள்ளை அவற்றை வீட்டிலேயே பெற்று வருகிறது. உழவன் மகனோ அவற்றைப் பாடசாலையிலேதான் முதன்முதல் எதிர்கொள்கிறான். ஆகவே ஒரே பாடம் இருவர் உடலுக்கும் ஒரே சுமையன்று. கடின உழைப்பைக் கைவிடுக என்று அவர் கூறவில்லை. சுமை சமமில்லை என்பதை அறிந்து கற்பிக்க வேண்டும் என்பதே அவர் கருத்திலிருந்து நாம் பெறுவது. வள்ளுவரும் உடல் வருந்தி உழைப்பதற்குக் கூலி உண்டு என்றார். உடல் ஏற்கெனவே வருத்தமுற்றிருப்பவன், அக்கூலியைப் பெற இருமடங்கு வருந்த வேண்டியிருக்கிறது.

போரின் எச்சம்

குடாநாட்டு மாணவரின் நோவைப் பற்றிப் பேசுவோர் போரைப் பேசாது செல்லல் இயலாது. 1990 முதல் பல ஆண்டுகள் இங்கே மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. சிறு போத்தலிற் பஞ்சை இட்டு, அதிற் சில துளி எண்ணெய் ஊற்றித் திரிகொளுத்தி, அவ்வொளியிலே உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது ஒரு தலைமுறை. மருந்துகளுக்கும் தட்டுப்பாடு. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் இடம்பெயர்ந்தனர்; புத்தகப் பைகளும் அவர்களோடு நடந்தன. அத்தலைமுறையின் திறமையை நாம் மெச்சுகிறோம். அத்தலைமுறையில் எத்தனை பேர் தலையிடியோடும் உடல் உளைவோடும் வாழ்ந்தனர் என்று எண்ணுவதில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், போர் உள்ளத்தில் இட்ட வடுக்களைப் பற்றி 1998 இல் நூலொன்று வெளியிட்டார். இங்குள்ள மக்கள் மனத்துயரைப் பெரும்பாலும் உடலின் துன்பமாகவே உணர்ந்து கூறுகின்றனர் என்பதை அவரது ஆராய்ச்சிகள் எடுத்துக் காட்டின. மனம் உடைந்தவர் மனம் உடைந்தது என்று கூறுவதில்லை. தலையிடி என்கிறார், மேல் முழுவதும் நோ என்கிறார், களைப்பு என்கிறார். இதனைக் கேட்டுச் 'சும்மா சொல்கிறார்' என்று முடிவுசெய்வது பெருந்தவறு. துயரிற் பிறந்த நோவும் நோவே. 'வருத்தம்' என்னும் ஒரே சொல் தமிழில் மனத்துயருக்கும் உடல்நோய்க்கும் வழங்குவதை இங்கே நினைவு கொள்ளல் தகும்.

2009 இற் போர் முடிந்தது. எறிகணையின் சிதறல்கள் பலர் உடலில் எஞ்சின. அகற்றினால் ஆபத்து என்று மருத்துவர் விட்டுவைத்த இரும்புத் துண்டுகளைச் சுமந்துகொண்டு, குழந்தைப் பருவத்திலே காயப்பட்டோர் பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சென்றனர். வெளியே தழும்பு தெரிந்தால் இரக்கம் கிடைக்கும். உள்ளே இருப்பது தெரியாதபோது, நெடுநேரம் எழுத முடியாத கை 'பஞ்சிக் கை' ஆகிவிடுகிறது.

மருத்துவம் மாற்றிக்கொண்ட தீர்ப்பு

ஏலாமையைப் பஞ்சி என்று தீர்த்தது நம் வகுப்பறை மாத்திரமன்று. மேலை மருத்துவமும் அதே தவறைச் செய்தது. 1955 இல் இலண்டன் ரோயல் பிறீ மருத்துவமனையில் இருநூற்றுக்கு மேற்பட்ட ஊழியர்கள் விளங்காத நோயொன்றால் வீழ்ந்தனர். தசைநோவும் கடுஞ் சோர்வும் பலரை நெடுங்காலம் விடவில்லை. 1970 இல் மக்இவடி, பியட் என்னும் இரு உளமருத்துவர், நோயாளரை நேரிற் பரிசோதியாது, பழைய குறிப்புகளை மாத்திரம் படித்து, அது கூட்டு மனக்கோளாறு என்று தீர்ப்பளித்தனர். வீழ்ந்தோருட் பெரும்பாலார் பெண்கள் என்பதும் அவர்களுக்கு ஒரு சான்றாயிற்று. அத்தீர்ப்பின் நிழலிலே, தீராக் களைப்பு நோயுடையோர் பல்லாண்டுகள் நடிப்பவராகக் கருதப்பட்டனர்.

அண்மைக் காலத்தில் நிலைமை மாறிவருகிறது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நோவை, மற்றொரு நோயின் அறிகுறியாக மாத்திரமன்றித் தானே ஒரு நோயாகவும் கருதலாம் என்பதற்கு, 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பு இடமளித்தது. நோவு பற்றிய ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020 இல் தன் வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, தமக்கு நோகிறது என்று ஒருவர் கூறுவதை மதித்தல் வேண்டும் என்று குறிப்பிட்டது. தீராக் களைப்பு நோயுடையோரை நாளுக்கு நாள் கூடுதலாக உடற்பயிற்சி செய்வித்துத் தேற்றலாம் என்று முன்னர்ப் பரிந்துரைத்த பிரித்தானிய வழிகாட்டி நிறுவனம், 2021 இல் அப்பரிந்துரையைக் கைவிட்டது. ஏனெனில் அந்நோயுடையோர் தம் எல்லையைத் தாண்டி உழைத்தால் நோய் பெருகும். அதுவும் அன்றே தெரியாது, ஓரிரு நாள் கழித்தே வீழ்த்தும். திங்கட்கிழமை வகுப்பில் ஓடியாடிய பிள்ளை புதன்கிழமை எழும்ப முடியாது கிடந்தால், அது திங்கட்கிழமையின் விலை. 'திங்கள் நன்றாயிருந்தாய், இன்றைக்கு மாத்திரம் என்ன?' என்று கேட்பது அறியாமை.

ஆகவே இத்தகைய மாணவர்க்கு வேண்டிய கலை, பல்லைக் கடித்து முன்னேறுவது அன்று, அளந்து செலவிடுவது. களைத்தபின் ஓய்வதைவிடக் களைக்குமுன் ஓய்தல் நன்று. நல்ல நாளிலே இரு நாள் வேலையைச் செய்துவிடும் ஆசையை அடக்குதல் வேண்டும். நீண்ட பாடத்தைச் சிறு கூறுகளாக்கி, தெளிவான வேளைக்குக் கடினமானதையும் மங்கிய வேளைக்கு எளியதையும் ஒதுக்குதல் வேண்டும். இருந்து படிக்க முடியாதபோது கிடந்து கேட்டல், எழுத முடியாதபோது சொல்லி எழுதுவித்தல் என்பனவும் கல்வியே. நம் முன்னோர் செவிவழிக் கல்வியைக் 'கேள்வி' என்று போற்றினர் என்பதை மறவாதிருப்போம்.

செய்யவேண்டியது

ஆயின் இவ்வாறு அளந்து வாழ்வதற்குரிய காலத்தை யார் தருவது? விடியற்காலையில் ரியூசன், பின் பாடசாலை, மாலையில் மீண்டும் ரியூசன் என்று ஓடும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு, ஓய்வு என்பது களவாடிக்கொள்ள வேண்டிய பொருளாகிவிட்டது. வசதியுள்ள வீட்டில் நோயுற்ற பிள்ளைக்குத் தனியாசிரியர் வருவார். முச்சக்கர வண்டி வாசலில் நிற்கும். கொழும்பு மருத்துவரையும் காண்பர். கூலித் தொழிலாளியின் மகளுக்கு ஒரு நாள் ஆசுபத்திரி வரிசையே தாயின் ஒரு நாட் கூலியை விழுங்கும். மாதந்தோறும் கடும் வயிற்று நோவால் மூன்று நாள் வீழும் மாணவிக்கு, அது நோய் என்று கூறவே கூச்சம். வரவுப் பதிவேட்டில் விழும் வெற்றிடமே அவளது வரலாறாகிறது. இலவசக் கல்வி உள்ள நாட்டில், உழைச்செல்வாரை மாத்திரம் விலைக்கு வாங்கவேண்டிய நிலை நீடிப்பது நீதியாமோ?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் உண்டு. அதுபற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையையும் இலங்கை 2016 இல் ஏற்றது. அரசாங்கப் பரீட்சைகளில் விசேட தேவையுடையோர் மேலதிக நேரம் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியும் குறைபாட்டுக்கு இருக்கும் மதிப்பு, தெரியாத நோவுக்கு இல்லை. வழி உண்டு என்பதே பல மாணவருக்குத் தெரியாது. அதனைத் தெரிவிப்பதும், வேண்டிய மருத்துவச் சான்றைப் பெற வழிகாட்டுவதும், விண்ணப்பத்தை உரிய காலத்தில் அனுப்புவிப்பதும் ஆசிரியர் கடமையன்றோ?

பணம் வேண்டாத சில காரியங்களும் உண்டு. பாடசாலையின் ஒரு மூலையிற் பாயும் தலையணையும் இட்ட ஓரிடம். அரை மணி நேரம் கிடந்து எழுந்து மீண்டும் வகுப்புக்கு வரும் உரிமை. கேள்வி கேளாது எழுந்து நின்று உடலை நிமிர்த்த அனுமதி. வராதவருக்குப் பாடக்குறிப்பைப் பிரதி செய்து கொடுக்கும் வகுப்புத் தோழர் குழு. வீட்டுவேலையைப் பக்க எண்ணிக்கையால் அன்றி விளக்கத்தால் அளக்கும் முறை. இவற்றைச் செய்யச் சுற்றறிக்கைக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. மாணவர் சங்கங்கள் முன்வந்தால் ஒரு தவணைக்குள் நடைமுறைப்படுத்தலாம். மேலதிக நேரம், தகுதியான மருத்துவ வசதி, பாடசாலைக்குத் தாதி என்பன அரசிடம் கோரிப் பெறவேண்டியவை. முதலாவதைச் செய்துகொண்டே இரண்டாவதற்குப் போராடுதல் வேண்டும்.

நோயோடு கற்று வென்றவர்களை நாம் மேடையிற் புகழும்போது, அப்புகழ்ச்சி மற்றை மாணவர்மீது சாட்டையாய் விழாதிருக்கக் கவனித்தல் வேண்டும். 'இராமானுசன் படுக்கையிற் கணக்குப் போட்டார், உனக்கென்ன?' என்று கேட்போர், 'உனக்கு வெந்நீர் காய்ச்சித் தர யார் இருக்கிறார்?' என்றும் கேட்டல் வேண்டும். சம ஆசனத்துக்காகப் போராடியோர், வாங்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது என்றனர். அவ்வாங்கிலே நிமிர்ந்து இருக்க முடியாத பிள்ளைக்கும் பாடத்திற் பங்கு உண்டு என்று சொல்லவேண்டியது நம் காலத்தின் கடன். நாளை வகுப்பறையிலே ஒரு பிள்ளை 'ஏலாது' என்று சொல்லும். அச்சொல்லை முதலில் நம்புவோம். என்ன செய்யலாம் என்று அப்பிள்ளையிடமே கேட்போம்.